கவனக்குறைவு என்று எழுதி மூடிய கோப்புகள்

எங்கள் தொழிற்சாலையில் ஒரு படிவம் உண்டு. வாடிக்கையாளர் நிறுவனத்திடமிருந்து பழுதான உருப்படி திரும்பி வந்தால் அதை நிரப்பியாக வேண்டும். என்ன பழுது, எந்த லாட், எந்த ஷிப்ட், யார் பார்த்து அனுப்பியது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போய், ஓரிடத்தில் ‘மூல காரணம்’ என்று ஒரு கட்டம் வரும். ஓசூர் சிப்காட்டில் அலுமினிய வார்ப்பு உதிரிபாகங்கள் செய்யும் இடத்தில் தரப் பரிசோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். எங்கள் அலமாரியில் இருக்கும் படிவங்களை எடுத்துப் புரட்டினால் பாதிக்கு மேல் அந்தக் கட்டத்தில் ஒரே பதில்தான் இருக்கும்: பணியாளரின் கவனக்குறைவு. அதற்கடுத்த ‘திருத்த நடவடிக்கை’ கட்டத்தில்: கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது. இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் கோப்பு மூடிவிடும். மேலாளருக்குத் திருப்தி, வாடிக்கையாளருக்குத் திருப்தி. சில வாரங்கள் கழித்து அதே வார்ப்பில் அதே குழி, அதே படிவம், அதே பதில்.

இது எங்கள் தொழிற்சாலையின் வியாதி மட்டுமல்ல. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் மறுநாள் செய்தித்தாளில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று வருகிறது. அந்தச் சரிவு எவ்வளவு நீளம், அதில் இறங்குகிற லாரிக்காரர் எந்த ஊரில் கிளம்பி எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் வருகிறார் என்பதெல்லாம் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. இருந்தாலும், இவ்வளவு நாள் அரைகுறையாக மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த இந்த விஷயத்தை உட்கார்ந்து படிக்க வைத்தது லாரியும் அல்ல, வார்ப்பும் அல்ல. என் அக்கா மகனுடைய பள்ளிக்கூடம்.

நம் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளிகளைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட ஒன்றில் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான் அவன். பெற்றோர் கூட்டத்துக்கு அக்காவால் வர முடியாததால் மாமாவோடு நான் போனேன். வகுப்பாசிரியர் நல்ல மனிதர்தான். குறை சொல்லும் தொனியில்கூடப் பேசவில்லை. “பையனுக்கு மூளை இருக்கிறது சார், கவனம்தான் இல்லை. இரவு படிப்பு நேரத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கேயோ இருக்கிறான். நீங்கள் கொஞ்சம் சொல்லி வையுங்கள்” என்றார். அவர் தலைக்கு மேல் சுவரில் கால அட்டவணை தொங்கியது. காலை 4.30 மணிக்கு எழுப்புவதில் தொடங்கி இரவு 10.30 மணிக்கு விளக்கணைப்பதில் முடிகிறது. நடுவில் உணவு, குளியல் போக மற்றதெல்லாம் வகுப்பு அல்லது படிப்பு நேரம். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் காட்டோரமாக மானாவாரி நிலம் வைத்திருப்பவர். படித்தவர்கள் சொன்னால் தலையாட்டுவார். எனக்குத்தான் அந்த வாக்கியம் காதில் விழுந்தவுடன் எங்கள் படிவத்தின் கட்டம் கண்முன் வந்தது. மூல காரணம்: மாணவரின் கவனக்குறைவு. திருத்த நடவடிக்கை: சொல்லி வைக்கப்பட்டது.

பார்த்தேன், தெரியவில்லை

எங்கள் பரிசோதனை மேசையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, வார்ப்பைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசல், பிசிறு, குழி இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். இல்லாவிட்டால் நகர்த்த வேண்டும். அவர்களில் ஒருவரின் கண் எங்கள் எல்லோருடைய கண்ணையும்விடக் கூர்மையானது. ஊசி முனை அளவுக் குழியை எட்டடி தூரத்திலிருந்து சொல்லக்கூடியவர். அவருடைய மேசையைத் தாண்டித்தான் ஒரு முறை, கண்ணில்லாதவனுக்கும் விரலில் தட்டுப்படுகிற குழியோடு ஒரு உருப்படி வெளியே போய்விட்டது. திரும்பி வந்ததைக் காட்டியபோது அவர் மறுக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. “பார்த்தேன் சார். ஆனால் தெரியவில்லை” என்றார். அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் சொல்பவர் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பார்.

அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் 2013-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவர்கள் 24 பேரிடம் நுரையீரல் ஸ்கேன் படங்களைக் கொடுத்துச் சின்னஞ்சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். அந்தப் படங்களில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள், கட்டியைப்போல் 48 மடங்கு பெரியதாக. 20 பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை. அவர்களுடைய விழி எங்கெங்கே நின்றது என்று கருவி வைத்துப் பார்த்ததில், தவறவிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் பார்வை கொரில்லா இருந்த இடத்திலேயே விழுந்திருந்தது. அவர்களும் பார்த்தார்கள், தெரியவில்லை. இத்தனைக்கும் அவர்கள் அசட்டையாக இருக்கவில்லை. கட்டியைத் தேடுவதில் மூழ்கியிருந்ததுதான் கொரில்லாவை மறைத்தது. கவனம் குவிந்ததால் வந்த குருட்டுத்தனம் அது.

எங்கள் மேசையின் கதை இன்னும் சிக்கலானது. நல்ல லாட் என்றால் ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான் பழுது இருக்கும். ஜெரமி உல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2005-ல் இதையே சோதித்தார்கள். விமான நிலையத்தில் பொதிகளை எக்ஸ்ரேயில் பார்ப்பது மாதிரியான வேலை. தேடும் பொருள் பாதிப் படங்களில் இருக்கும்போது பார்வையாளர்கள் தவறவிட்டது 7 சதவீதம். நூறு படங்களில் ஒன்றில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது 30 சதவீதம். கண் அதே கண், பொருள் அதே பொருள். அரிதாகிவிட்டதால் மூளை ‘இல்லை’ என்ற முடிவுக்குச் சீக்கிரமாக வந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால், வார்ப்புப் பிரிவு நன்றாக வேலை செய்யச் செய்ய, எங்கள் பரிசோதனைப் பிரிவின் கண் மழுங்கிக்கொண்டே போகும். இதை மேலாளரிடம் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கவனத்தை ஆராயும் இந்தத் துறையின் ஆதிக்கதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தைச் சேர்ந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் கடல்மேல் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நேரம் போகப் போகத் திரையில் வந்த புள்ளியைத் தவறவிட்டார்கள். காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு நார்மன் மேக்வொர்த் என்பவரிடம் வந்தது. அவர் எண்களே இல்லாத ஒரு கடிகார முகத்தைச் செய்தார். அதன் முள் நொடிக்கு ஒரு தாவல் தாவும். நூறு தாவலில் ஒரு சுற்று. எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவல் தாவும். அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. 1948-ல் அவர் வெளியிட்ட முடிவுகள் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன: முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறன் சரிந்துவிட்டது. உட்கார்ந்தவர்கள் போர்க்காலத்து இளைஞர்கள். தவறவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அப்படியும் சரிந்தது. சரியாமல் நின்றது எப்போது என்றால், அரை மணி பார்த்தால் அரை மணி ஓய்வு என்று மாற்றிவிட்டபோதும், ஒவ்வொரு முறையும் ‘சரி’, ‘தவறவிட்டாய்’ என்று பதில் சொன்னபோதும்தான்.

எங்கள் மேசையில் ஷிப்ட் எட்டு மணி நேரம். தேநீருக்குப் பத்து நிமிடம். சரியாகப் பார்த்தீர்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. தவறினால் மட்டும் சொல்வோம், அதுவும் பல வாரம் கழித்து, உருப்படி ஊர் சுற்றித் திரும்பிய பிறகு.

பரண்

இதையெல்லாம் படித்துத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த சமயத்தில், கார்த்திகை கடைசியில், மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். ராகி முற்றி அறுவடைக்கு நின்ற நேரம். அந்தப் பக்கத்தில் அந்த மாதங்களில்தான் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு இறங்கி வரும். கதிர் முற்றுவதும் அவை வருவதும் ஒன்றாக நடக்கும். ஒரே இரவில் ஆறு மாத உழைப்பு போய்விடலாம். ஆகவே இருட்டியதும் காட்டை ஒட்டிய கொல்லைகளில் ஆண்கள் பரண் ஏறுகிறார்கள். நானும் வருகிறேன் என்றேன். அக்கா வேண்டாம் என்றாள். மாமா கம்பளியை எடுத்துக் கொடுத்தார்.

ஏறியதும் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். காட்டோரத்தை வெறித்துப் பார்க்க ஆரம்பித்தேன். தரப் பரிசோதனைக்காரனல்லவா, இமை கொட்டாமல் இருந்தால் தவறவிடமாட்டோம் என்று உடம்பு தானாக அப்படி உட்கார்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் புதர்கள் அசையத் தொடங்கின. “மாமா, அங்கே” என்றேன். அவர் டார்ச்சை அடித்துக் காட்டினார், உண்ணிச்செடிப் புதர். மறுபடி ஒன்று, பாறை. பிறகு எனக்கே வெட்கமாகி வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் புதர்கள் அசையவில்லை. அசையாமல் போனது எப்போது என்று தெரியவில்லை, ஏனென்றால் கண் திறந்தபடியே நான் எங்கேயோ போய்விட்டிருந்தேன். ஓசூரில் வீட்டுக்கடன் தவணை, பெண்ணின் பஸ் கட்டணம், மேலாளர் சொன்ன ஏதோ ஒன்று. மாமா இதில் எதையும் செய்யவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி என்ன விலைக்குப் போனது, சங்கத்தில் வாங்கிய கடன், பங்காளி எவனோ வரப்பை வெட்டியது. நடுநடுவே வெற்றிலை. அடுத்த கொல்லைப் பரணிலிருந்து ஒருவர் தெலுங்கில் ஏதோ கூவுவார். மாமா பதிலுக்குத் தமிழில் கூவுவார். அதற்கும் அப்பாலிருந்து கன்னடத்தில் ஒரு குரல். இதற்குக் காவல் என்று பெயரா என்று எனக்குத் தோன்றியது.

நள்ளிரவு தாண்டியிருக்கும். தக்காளியைப் பற்றிய ஒரு வாக்கியத்தின் நடுவில் மாமா நின்றார். வாய் பாதி திறந்தபடி. “கேட்கிறதா?” என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் டார்ச்சை எடுத்து வலப்பக்கம் அடித்தார், நான் இவ்வளவு நேரமும் வெறித்த திசைக்கு நேர் எதிர்ப்பக்கம். கொல்லையின் மூலையில் மூன்று யானைகள். ஒன்று துதிக்கையில் ராகித் தாளைச் சுருட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிடுங்கும் சத்தத்தைத்தான் அவர் கேட்டிருக்கிறார். பிறகு தகரம் தட்டுவது, கூச்சல், அடுத்தடுத்த பரண்களிலிருந்து வெளிச்சம் எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தன. அவை அவசரப்படாமல் திரும்பி நடந்தன. மூலையில் ஒரு பாய் அளவு ராகி போயிருந்தது.

விடிந்த பிறகு கேட்டேன், பேசிக்கொண்டே இருந்தீர்களே, எப்படிக் கேட்டது என்று. “காது அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் மச்சான். நாம் தூங்காமல் இருந்தால் போதும். பேச்சு அதற்குத்தான். உன்னைப்போல முறைத்துக்கொண்டே உட்கார்ந்தால், ஒன்று புதரெல்லாம் யானையாகத் தெரியும், இல்லாவிட்டால் யானையே புதராகத் தெரியும்” என்றார். அந்த இரண்டும் எனக்கு அந்த இரவிலேயே நடந்திருந்தன, அதே வரிசையில்.

கூவிக்கொள்வது ஏன் என்றும் கேட்டேன். ஒருவன் பதில் கூவாவிட்டால் தூங்கிவிட்டான் என்று அர்த்தமாம். பக்கத்திலிருப்பவன் போய் எழுப்புவான். யானை வராத வருடங்களில்தான் அதிகமாகக் கூவ வேண்டியிருக்கும் என்றார். வருகிற வருடத்தில் பயமே விழிக்க வைக்கும். நாலு வாரம் ஒன்றும் வரவில்லை என்றால் எல்லோரும் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள், சரியாக அன்றைக்கு வரும். உல்ஃபின் 30 சதவீதத்தை மாமா யாரும் சொல்லாமலே கையில் வைத்திருந்தார்.

உள்ளே என்ன நடக்கிறது

மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்றொரு சிறு முடிச்சு இருக்கிறது. சில பத்தாயிரம் நரம்பணுக்கள்தான். ஆனால் மூளை முழுவதற்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை அனுப்பிவைப்பது பெரும்பாலும் அதுதான். குரங்குகளிடம் நடந்த பதிவுகளை வைத்து ஆஸ்டன்-ஜோன்ஸ், கோஹன் இருவரும் 2005-ல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். இந்த முடிச்சின் அடிப்படை ஓட்டம் மிகவும் தாழ்ந்தால் தூக்கம் கவிகிறது. மிகவும் உயர்ந்தால் மனம் எதிலும் நிற்காமல் எல்லாவற்றுக்கும் துள்ளுகிறது. நடுத்தரமாக ஓடும்போதுதான், தேவையான பொருள் எதிர்ப்பட்ட கணத்தில் பட்டென்று ஒரு வீச்சு எழுகிறது. வேலை சுத்தமாக நடக்கிறது. பரணில் முதல் அரை மணி நேரம் நான் உச்சியில் இருந்திருக்கிறேன்: எல்லாப் புதரும் யானை. அங்கிருந்து நேராகப் பள்ளத்துக்கு இறங்கிவிட்டேன். மாமா தக்காளி விலையைப் பேசிப் பேசித் தன்னை நடுவிலேயே வைத்துக்கொண்டார். இதை நான் நிரூபித்துவிட்டதாகச் சொல்லவில்லை. அவர் மண்டைக்குள் கருவி வைத்து யாரும் பார்க்கவில்லை. ஆனால் இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

இன்னொன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கவனத்தை விடாமல் எரியும் விளக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் பிரின்ஸ்டன், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் வேறு மாதிரிச் சொல்கின்றன. குரங்கானாலும் மனிதனானாலும், ஒன்றின்மேல் கவனம் வைத்திருக்கும்போதே அந்தக் கவனம் நொடிக்கு நான்கு முறை அளவில் ஏறி இறங்குகிறது. இறங்கும் கணத்தில் மூளை சுற்றுப்புறத்தைச் சரிபார்க்கிறது. வேறு எதுவும் முக்கியமாக இல்லை என்றால் பழைய இடத்துக்கே திரும்புகிறது. பரணில் டார்ச் வைத்திருப்பவன் ஒரே மரத்தின்மேல் அடித்துக்கொண்டிருக்காமல் ஓரங்களையும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவதைப் போல. ஒன்றில் ஆழ்ந்துவிட்டவனைப் புலி தின்றுவிடும் என்ற உலகத்தில் வளர்ந்த மூளை இது. நிமிர்ந்து பார்ப்பது அதன் பழுதல்ல, அதன் வேலையில் பாதி.

மாமா பேச்சின் நடுவில் நின்றதற்கும் ஒரு வழி இருக்கிறது. நாமாக ஓரிடத்தில் கவனத்தை வைப்பதற்கு மூளையின் மேல்பக்கத்து வலையமைப்பு ஒன்றும், எதிர்பாராமல் வந்த முக்கியமானது கவனத்தைப் பிடுங்கிக்கொள்வதற்கு, பெரும்பாலும் வலது அரைக்கோளத்தில், இன்னொன்றும் இருப்பதாக கார்பெட்டா, ஷுல்மன் இருவரும் 2002-ல் தொகுத்து எழுதினார்கள். இந்த இரண்டாவது எல்லாச் சத்தத்துக்கும் எழுவதில்லை. அதற்கு எது முக்கியம் என்று முன்பே கற்பித்திருக்க வேண்டும். நெரிசலில் யாரோ நம் பெயரைச் சொன்னால் சட்டென்று காது திரும்புகிறதல்லவா, அந்த வகை. மாமாவுக்கு இருபது முப்பது ராகிப் பருவங்கள் கற்பித்திருக்கின்றன. எனக்கு அந்தச் சத்தத்துக்குப் பெயரே தெரியாது.

படிப்பு யானைக்காவல் அல்லவே

இதைச் சொன்னபோது ஓய்வு பெற்ற ஆசிரியரான பக்கத்து வீட்டு ஐயா கேட்டார்: “எப்போதோ வருகிற யானைக்குக் காத்திருப்பதும், கணக்கு ஒன்றை விடாமல் போடுவதும் ஒன்றா?” நியாயமான கேள்விதான். ஒன்றல்ல. படிப்பில் நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்நெற்றிப் புறணி ‘இப்போது இந்தக் கணக்கு’ என்ற குறிக்கோளை ஏந்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூப்பிடுகிற மற்றவற்றை அடக்க வேண்டும். வேலை இல்லாதபோது விழித்துக்கொள்ளும் ஒரு வலையமைப்பு மூளையின் நடுவரையில் இருக்கிறது. நினைவு, எதிர்காலம், அடுத்தவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதெல்லாம் அதன் பொருள்கள். மார்கஸ் ரெய்க்லே குழுவினர் 2001-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். அது எழும்பினால் புத்தகம் திறந்தபடியே பையன் ‘எங்கேயோ’ போய்விடுவான். 2010-ல் ஹார்வர்டில் 2,250 பேரிடம் கைபேசி வழியாக அவ்வப்போது கேட்டுப் பார்த்ததில், விழித்திருந்த நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் செய்கிற வேலையில் இருக்கவில்லை. வகுப்பாசிரியரும் அந்தக் கணக்கில் வருவார், நானும் வருவேன்.

ஆனால் ஏந்திப் பிடிப்பதற்கும் செலவு இருக்கிறது. அந்தப் பள்ளியில் ஊக்கப் பேச்சாளர் ஒருவர் வந்து, மன உறுதி ஒரு தசை, பயிற்சியால் பெருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். மன உறுதி எரிபொருள் போலத் தீர்ந்துபோகும் என்று 1998-ல் தொடங்கிய ஆய்வு வரிசையின் ஒரு கிளைதான் அந்தப் பேச்சு. 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அதன் அடிப்படையைச் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. மாறாக, பாரிஸில் 2022-ல் ஒரு குழு கண்டது எனக்கு நம்பத்தக்கதாகத் தெரிகிறது. ஆறு மணி நேரத்துக்கும் மேல் கடினமான சிந்தனை வேலை செய்தவர்களுக்கு முன்நெற்றிப் புறணியின் பக்கவாட்டில் குளூட்டமேட் என்ற மூளை வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போயிற்று. எளிய வேலை செய்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. களைத்தவர்கள் பிறகு தேர்ந்தெடுத்ததெல்லாம் உழைப்பு குறைந்த, உடனே கிடைக்கிற சிறு பலன்கள். இரவு ஒன்பது மணிக்குப் பையன் வேதியியலை விட்டு நோட்டின் ஓரத்தில் படம் வரைவதற்கு இது போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தூக்கத்தைப் பற்றிச் சொன்னால் கோபம் வருகிறது. 10.30-லிருந்து 4.30 வரை, படுத்தவுடனே தூங்கினால்கூட ஆறு மணி நேரம். 2003-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் பெரியவர்களையே இரண்டு வாரம் தினம் ஆறு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாகத் தூங்க வைத்தார்கள். அவர்களுடைய கவனம் ஒன்றிரண்டு இரவுகள் முழுக்கத் தூங்காதவர்களின் நிலைக்குப் போய்விட்டது. கொடுமை என்னவென்றால், பழகிவிட்டது, ஒன்றும் பெரிதாக இல்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். எலிகளிடம் 2011-ல் விஸ்கான்சினில் பார்த்தது இதைவிட வினோதம்: தூங்க விடாமல் வைத்த எலி கண் விழித்து நடமாடிக்கொண்டிருக்கும்போதே அதன் மூளைப் புறணியில் சில நரம்பணுக்கள் அங்கங்கே சிறிது நேரம் அணைந்து எரிந்தன. அந்த நேரத்தில் சர்க்கரை வில்லையை எடுக்கப் போன கை தவறியது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது என்பதால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-ல் பள்ளிகளை 8.30-க்கு முன் திறக்க வேண்டாம் என்றது. நம்மூரில் 4.30-க்கு மணியடித்து எழுப்பி, ஐந்து மணிக்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, உன் கவனம் எங்கே என்று கேட்கிறோம்.

இதில் பள்ளியை மட்டும் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் பெற்றோர் சேர்க்கிறார்கள். இன்னும் அரை மணி நேரம் கூட்டினால் இன்னும் பத்துப் பேர் சேர்வார்கள்.

மேசையில் செய்தது

தொழிற்சாலையில் இரண்டு காரியங்கள் கேட்டேன். பரிசோதனை மேசையில் அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். மாறியவர் பொதி கட்டும் இடத்துக்குப் போகட்டும், சம்பளமில்லாத ஓய்வு என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. இரண்டாவது, பழுதென்று முன்பே தெரிந்த சில உருப்படிகளை, எங்களுக்கு மட்டும் தெரியும் குறியோடு, நல்ல லாட்டுக்குள் கலந்து விடுவது. கண்டுபிடித்தவருக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும். விமான நிலையங்களில் எக்ஸ்ரே திரையில் பொய்யான ஆயுதப் படங்களை நுழைப்பது இதற்காகத்தான். முதலாவதற்கு ஒப்புக்கொண்டார்கள், அதுவும் அரை மணி ஒரு மணியானது. இரண்டாவதற்கு மேலாளர் பதறிவிட்டார்: “நாமே பழுதைக் கலப்பதா? ஆடிட்காரனுக்கு யார் பதில் சொல்வது?” பல வாரம் பேசி, சிவப்புச் சாயம் பூசிய ஒரு தனித் தட்டு வைத்து எண்ணிக்கை சரிபார்க்கும் ஏற்பாட்டோடு ஒரு மேசைக்கு மட்டும் அனுமதி வாங்கினேன்.

திரும்பி வரும் உருப்படிகள் குறைந்தன. ஆனால் இதனால்தான் என்று சொல்ல முடியாது. அதே காலத்தில் வார்ப்பு அச்சையும் மாற்றிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே மாற்றம், அந்த மேசையில் பேச்சு வந்துவிட்டது. கலந்து விட்டதை முதலில் யார் பிடிப்பது என்று அவர்களுக்குள் போட்டி. முன்பு பரிசோதனைப் பிரிவில் பேசக்கூடாது என்ற அறிவிப்பு சுவரில் இருந்தது. அதைக் கழற்றியது யார் என்று நான் விசாரிக்கவில்லை. அந்தக் கூர்மையான கண்காரர் ஒரு நாள் நான் கலந்து விட்டதோடு, நான் கலக்காத ஒன்றையும் கொண்டுவந்து வைத்து, “இது உங்களுடையது இல்லையே சார்?” என்றார். பார்த்தேன். மயிரிழை விரிசல். எனக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது.

பையன் விஷயத்தில் என் பேச்சுக்கு அந்த அளவு மதிப்புக்கூட இல்லை. ஆனால் எதிர்பாராமல் மாமா பேசினார். அடுத்த கூட்டத்தில் வகுப்பாசிரியர் மறுபடியும் கவனம் என்று ஆரம்பித்ததும், “ஐயா, எங்கள் ஊரில் காவலுக்கு ஒரே ஆளை ராத்திரி பகல் இரண்டும் வைக்கமாட்டோம். வைத்தால் கொல்லையும் போய்விடும், ஆளும் போய்விடுவான்” என்றாராம். அவரைத் தலையாட்டுபவர் என்று நான் மேலே எழுதியது அன்றோடு செல்லாது. ஆண்டு முடிந்ததும் பையனை விடுதியிலிருந்து எடுத்து, ஊரிலிருந்தே பஸ்ஸில் போய்வரும் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சேர்த்துவிட்டார். இப்போது அவன் எட்டு மணி நேரம் தூங்குகிறான். பாடத்தை நாற்பது நிமிடம் படித்துவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறான், மறுபடி உட்காருகிறான். நீண்ட வேலையின் நடுவே மிகச் சிறிய வேறு வேலை கொடுத்தால் கவனம் சரியாமல் நிற்கிறது என்று 2011-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் வந்த ஆய்வை அவனிடம் சொன்னேன். “சரி மாமா, ஆனால் மாடு அதற்காகக் குடிக்கவில்லை” என்றான்.

மதிப்பெண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதெல்லாம் என் வேலை என்று அக்கா நினைக்கிறாள். விடுதியில் கட்டிய முன்பணம் திரும்பி வராததும் என் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. காலாண்டுத் தேர்வு முடிவு வரட்டும், அப்புறம் உன்னோடு பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.